ஒரு நிமிட மௌனத்தில் ஒரு விசில்

சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று சொல்லி ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்கக்கா, எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க, சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு நஸ்ரின் என்கிற அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். கனமான கதவு. சாத்தும்போது 'தப்' என்றுகூடச் சொல்லவில்லை, 'ம்' என்றது. கதவு சாத்துகிற சத்தம் என்னிடம் ஆறு விதமாக இருக்கிறது, பழைய வீட்டுக் கதவு, பீரோ கதவு, பஸ் கதவு, கோபித்துக்கொண்டு போகிற பெண்டாட்டி சாத்துகிற கதவு என்று, ஆனால் இந்த 'ம்' என்னிடம் இல்லை. எதை வைத்து இதைச் செய்யலாம்? தலையணையைப் பலகையில் போட்டால் வருமா? வராது, பஞ்சு மூச்சு விடுகிற சத்தமும் கூடவே வரும். ஈர மணல் மூட்டை? பார் எமல்டா, உன் பிழைப்பே இன்றைக்கு அந்தரத்தில் தொங்குகிறது, நீ கதவுக்குச் சத்தம் தேடிக்கொண்டிருக்கிறாய். இந்தச் சோதனையில் எனக்குக் காது கேட்கவில்லை என்று வந்தால் நான் தப்பித்தேன். நன்றாகக் கேட்கிறது என்று வந்தால் பதினாறு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இனி நான் இல்லை. இந்த அறைக்குள் வருகிறவர்கள் எல்லாம் காது நன்றாக இருக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள், நான் ஒருத்திதான் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எந்தப் புனிதருக்கு இப்படி ஒரு மனு போடுவது என்றுகூடத் தெரியவில்லை. வெளியே வராந்தாவில் குழுவை நடத்துகிற ஞானாதிக்கம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவரும் இதையேதான் வேண்டிக்கொண்டிருப்பார்.

ஒன்று கேட்டது. கேட்டதா? கட்டைவிரல் அழுத்திவிட்டது. எங்கோ தூரத்தில் யாரோ குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி மெல்லிய ஒரு 'கூ'. "கேட்டாலும் கேக்காத மாதிரி உக்காந்துட்டு வா, நான் கூப்புட்டா தெனமும் செய்யிறதுதான, அதே மாதிரி" என்று காலையில் இட்லி தின்றுகொண்டே பெலிக்ஸ் சொல்லி அனுப்பினார். புருஷன்மார்களுக்கு எல்லாமே லேசுதான். இன்னொன்று. அதற்கும் அழுத்திவிட்டேன். இந்த விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பதினாறு வருஷமாக அதற்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், வருகிற இடத்தை விட்டுவிடாதே. ஞானாதிக்கம் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர்கள் நாலு பேர், வாசிக்கிறவர்கள் ஆறு பேர், அப்புறம் மேடையின் இடது ஓரத்தில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். திருச்சியைச் சுற்றி எங்கே கச்சேரி நடந்தாலும் நடுவில் இருபது நிமிஷம் சிரிப்புப் பாட்டு உண்டு. அண்ணனே எழுதுவார், அவரே பாடுவார். பாட்டில் பாதிதான் அவருடையது, மீதியைச் சத்தம்தான் பாட வேண்டும். 'பல்செட்டு மாப்பிள்ளை' என்று ஒரு பாட்டு, பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் பல்செட்டு பாயசத்தில் விழுந்துவிடும், 'ப்ளக்'. அந்த ப்ளக் நான். கன்னத்துக்குள் விரலை விட்டு இழுத்தால் வரும், ஆனால் பாயசத்தில் விழுகிற மாதிரி வர வேண்டுமென்றால் வாயில் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். மாமனார் முட்டியை மடக்கி உட்கார்ந்தால் பழைய கதவு, மாப்பிள்ளை கண்ணடித்தால் ஸ்பிரிங், பெண் வெட்கப்பட்டால் சைக்கிள் மணி, மாமியார் பேச வந்தால் வாத்து, கடைசியில் பல்செட்டைப் பார்த்து மாமனார் தலை குனியும்போது இழுக்கிற விசில், மேலேயிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருமே அது, பியூஊஊவ். என்னை எஃபெக்ட்ஸ் அக்கா என்பார்கள். அதற்கு முன்னால் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தேன், ஆண்டு விழாவில் திரைக்குப் பின்னால் நின்று ஆடு மாடு குரங்கு எல்லாமாகக் கத்தியதை அண்ணன் கேட்டுவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது சத்தம் மாறிவிட்டது, 'கூ' போய் 'டீ' வருகிறது, நஸ்ரின் சுருதியை ஏற்றுகிறாள். அழுத்தினேன். சத்தம் உயரே போனால் ஏன் யாரும் சிரிப்பதில்லை? இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். விசிலைக் கீழேயிருந்து மேலே இழுத்தால் கூட்டம் முகவாயைத் தூக்கிக்கொண்டு பார்க்கும், என்னமோ வரப்போகிறது என்று. மேலேயிருந்து கீழே விட்டால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். விழுவதில் என்ன இருக்கிறது? ஒரு நாள் வீட்டில் பெலிக்ஸ் நாற்காலியில் உட்காரும்போது சரியாகக் கீழே இழுத்தேன், மனுஷன் அவரே சிரித்துவிட்டார், எழுந்திருக்கும்போது மேலே இழுத்தேன், "என்ன வேணும் ஒனக்கு" என்றார். கல்யாண மண்டபத்தில் தட்டு விழுந்தால் சிரிக்கிறோம், அதே தட்டு நம் வீட்டு அடுப்படியில் விழுந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடுகிறோம். தட்டு ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். அப்படியென்றால் சிரிப்பு சத்தத்தில் இல்லை. பின்னே எங்கே இருக்கிறது? அண்ணன் வரியை முடித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார், அந்த மூச்சுக்குள் எதுவுமே இருக்காது, ஜனங்களும் மூச்சை நிறுத்திக்கொள்வார்கள், அந்தக் காலியிடத்தில்தான் நான் விசிலை வைக்க வேண்டும். அவசரப்பட்டு வைத்தால் பாதிச் சிரிப்பு. கண்ணிமைக்கிற நேரம் பிந்தினால் அதுவும் கிடையாது, முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிற சத்தம்தான் கேட்கும். சிரிப்பு அந்தக் காலியிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது, நான் போய்த் திறந்துவிடுகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு ஒரு எண்ணம். அப்படியானால் காலியிடம் பெரிதாக ஆக ஆகச் சிரிப்பும் பெரிதாகுமா? ஒரு மண்டபம் முழுக்க, முந்நூறு பேர், ஒரு நிமிஷம் முழுக்க வாயைத் திறக்காமல்... வேண்டாம். அங்கே போகாதே. பட்டனைப் பார்.

போகாதே என்றால் மனசு கேட்கிறதா, செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, நவரத்தினா நகர் குடியிருப்போர் சங்கத்து ஆண்டு விழா. ஒன்பது வருஷமாக நாங்கள் வாசிக்கிற இடம். மூன்று பாட்டு முடிந்து அண்ணன் 'பல்செட்டு மாப்பிள்ளை'க்கு மைக்கை எடுத்தபோது சங்கத் தலைவர் மேடையேறி ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதைப் பார்த்து அண்ணன் ஏதோ அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அண்ணன் தலை குனிந்தார். நான் விசிலை எடுத்து ஊதினேன், மேலேயிருந்து கீழே, பியூஊஊவ். அறிவித்தது இதுதான், சங்கத்துச் செயலாளராக இருந்து சித்திரையில் காலமான குஞ்சிதபாதம் அவர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. கீழே முதல் வரிசையில் அவர் சம்சாரம் சௌந்தரம் அம்மா நின்றுகொண்டிருந்தார். அப்புறம் நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. தலைவர் மேடையிலேயே கத்தினார், "செத்த மனுசனக் கிண்டல் பண்றதுக்கா உங்களக் கூப்புட்டோம்?" அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, அந்த அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார், "மன்னிக்கணும் சார், அவங்களுக்குக் காது மந்தம், அறிவிச்சது கேக்கல, நான் தல குனிஞ்சதப் பாத்துட்டுப் பாட்டு ஆரம்பிச்சிருச்சுன்னு ஊதிட்டாங்க." தலைவர் விடவில்லை. டாக்டர் காகிதம் கொண்டு வாருங்கள், காது கேட்காது என்றால் நாங்கள் மனிதர்கள்தான், மன்னித்துவிடுகிறோம், கேட்கும் என்றால் இனி அந்தம்மா எந்த மேடையிலும் ஏறக் கூடாது. சரி என்று அண்ணன் அத்தனை பேருக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னிடமும் கேட்டார்கள். குனிந்து மேசைக்கு அடியில் வாத்து ஊதலைத் தேடிக்கொண்டிருந்தேன், எதுவும் காதில் விழவில்லை என்று சொன்னேன், சௌந்தரம் அம்மாவிடமும் அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தேடினேனா? வாத்து மேசைமேல் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது என்றும் ஒரு ஞாபகம் இருக்கிறது. முந்நூறு பேர் எழுந்து நிற்கும்போது நாற்காலிகள் போடுகிற சத்தம் இருக்கிறதே, அது கூடவா கேட்காது? நாலு நாளாக இந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி வேன் என்னை விட்டுவிட்டுப் போவதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று குடைகிறது. எனக்குக் கேட்டதா இல்லையா? என் காதில் நடந்தது எனக்கே தெரியாமல் இருக்குமா?

இந்த அறையில் என்னைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் என் தோளுக்குப் பின்னால் இருக்கிறாள். சுவரில் காதின் உள்பக்கத்தைக் காட்டுகிற படம் ஒன்று, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நத்தை மாதிரி ஒன்று, சுத்தியல் மாதிரி ஒன்று. அந்த நத்தைக்குப் பக்கத்தில் ஏதோ அசைகிறது. முழங்கை. படத்துக்குப் போட்ட கண்ணாடியில் நஸ்ரினின் முழங்கை தெரிகிறது. அது அசைந்தது, 'டீ' கேட்டது, அழுத்தினேன். மறுபடி அசைந்தது, கேட்டது, அழுத்தினேன். எவ்வளவு நேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? முதலிலிருந்தேவா? மேடையிலும் என் கண் அண்ணனின் கன்னத்தில்தான் இருக்கும், அவர் மூச்சு இழுக்கும்போது கன்னத்தில் ஒரு குழி விழும், குழி விழுந்தால் என் கை விசிலுக்குப் போய்விடும், வார்த்தை என்ன என்று அப்புறம்தான். இப்போது முழங்கை நன்றாகவே உயர்ந்தது, நானும் கேட்டேன், மெல்லிசாக, தெளிவாக, அழுத்தினேன். உடனே ஹெட்போனுக்குள் நஸ்ரின் குரல் வந்தது. "அக்கா, இப்ப நான் சத்தமே விடலியே, தலமுடியத்தான் ஒதுக்குனேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டதே. சத்தியமாகக் கேட்டதே. விடாத சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது என்றால் விட்ட சத்தம் எதுவும் கேட்கவில்லையா, எல்லாமே முழங்கைதானா? அப்படியானால் தலைவரிடம் அண்ணன் சொன்ன பொய்தான் நிஜமா, நான் செவிடுதானா, எத்தனை வருஷமாக? சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. வேண்டிக்கொண்டு வந்தது இதைத்தானே. ஆனால் வாய் அதற்குள் பேசிவிட்டது. "நஸ்ரின், முதல்லருந்து ஒரு தடவ வைக்கிறியாம்மா, நான் கண்ண மூடிக்கிறேன்." "எதுக்குக்கா?" "ஒன் கையப் பாத்துட்டேன்." அவள் சிரித்தாள், ஹெட்போனில் அந்தச் சிரிப்பு நடுத்தலையில் கேட்டது. "இது வரைக்கும் யாரும் இதச் சொன்னதில்லக்கா."

கண்ணை மூடிவிட்டேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதும் சரியில்லை, என் ரத்தம் போகிறது, வயிற்றில் இட்லி நகர்கிறது, எச்சில் விழுங்கினால் வாளியில் தண்ணீர் மொண்ட மாதிரி இருக்கிறது, ஒரு மனுஷிக்குள் இத்தனை வேடிக்கைச் சத்தமா, யாரும் சிரிக்க மாட்டேன் என்கிறார்களே. கட்டைவிரல் துடிக்கிறது, இப்போது வரும், இப்போது வரும் என்று. வரட்டும், வந்த பிறகு அழுத்து. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. கொசு மாதிரி, இல்லை, கொசுவைவிடச் சின்னதாக ஒன்று வலது பக்கத்தில் வந்து நின்றது. வந்ததுதான். இது முழங்கை இல்லை, இது சத்தம். அழுத்தலாமா? அழுத்தாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, அழுத்தாமல் உட்கார்ந்திருந்தால் சனிக்கிழமை வேனில் ஏறலாம், ஒரு மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு எல்லாரும் பாவம் பார்க்க மறுபடி என் மேசைக்கே போகலாம். அழுத்தினேன். அடுத்தது இன்னும் சின்னது, அழுத்தினேன். தெரிந்துகொள்ளாமல் என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு சின்னது வரைக்கும் எனக்குக் கேட்கும் என்று பார்த்துவிட வேண்டும். அடுத்தது எறும்பு நடக்கிற அளவுக்கு, அதுவும் கேட்டது. அப்புறம் இருட்டுக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசாக வந்தது, சத்தத்தோடு வந்தது. அண்ணன் சீட்டைப் பிரிக்கிற சரசரப்பு. "செயலாளர் குஞ்சிதபாதம்" என்கிற பெயர். பெயர் கேட்டதும் எனக்கு நெஞ்சில் ஒரு குத்து, அவர் இறந்தது எனக்குத் தெரியாது. நாற்காலிகள். மௌனம். எல்லாம் கேட்டது. ஒன்பது வருஷமாக முதல் வரிசையில் இடது ஓரத்து நாற்காலியில் அந்த மனுஷர் உட்காருவார். அவர் சிரிப்பு முதலில் சத்தமில்லாமல் தோளில் வரும், அப்புறம் உள்ளே இழுக்கிற ஒரு 'ஹீ', அப்புறம் பழைய ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற மாதிரி விட்டு விட்டு வந்து பிடித்துக்கொள்ளும். அவர் பிடித்த பிறகுதான் மண்டபம் பிடிக்கும். அந்த விழாவில் நான் ஊதுவது முந்நூறு பேருக்கு இல்லை, அந்த ஒரு ஹீக்காகத்தான். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, சாப்பிடும்போது பார்த்தால் "விசில் பிரமாதம்மா" என்பார், அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு எல்லாரும் குனிந்து நின்றார்கள், சுத்தமான அமைதி, அவருக்காகவே வைத்த அமைதி, அதில் அவர் சத்தம் மட்டும் இல்லை. இடது ஓரத்தில் வேறு யாரோ நின்றார்கள். நான் ஊதினால் அது வந்துவிடும் என்று தோன்றியது. தோன்றியதா, நினைத்தேனா, தெரியாது, ஆனால் கேட்டுவிட்டுத்தான் ஊதினேன். அவர் சிரிக்க வேண்டும் என்று ஊதினேன். ஹீ வரவில்லை. அதற்குப் பதிலாக சௌந்தரம் அம்மாவிடமிருந்து 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு வந்தது, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவும் எனக்குக் கேட்டது. இப்போது ஹெட்போனுக்குள் என் கண்ணீர் இறங்கி நுரைமெத்தையில் சொட்டுகிறது. அதற்குக்கூட ஒரு சத்தம் இருக்கிறது.

"ரெண்டு காதும் சூப்பர்க்கா, இருவது வயசுப் பொண்ணுக்குக்கூட இப்படி இருக்காது" என்று நஸ்ரின் காகிதத்தை நீட்டினாள். நான் அழுததைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் ஞானாதிக்கம் அண்ணன் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, காது மெஷின் விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். விலையைக்கூட விசாரித்துவிட்டார் போல, ஒரு படத்தைப் பேனாவால் சுற்றியிருந்தார். "என்னம்மா சொன்னாங்க?" என்றார். நல்லாக் கேக்குதாம்ண்ணே என்றேன். அவர் காகிதத்தை வாங்கவில்லை. "டெஸ்ட்டு ஒழுங்காத்தான் பண்ணாங்களா? வேணும்னா வேற எடத்துல பாப்பமா?" நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "அன்னைக்கும் கேட்டுச்சுண்ணே. பேரு, மௌனம், எல்லாம் கேட்டுச்சு. கேட்டுட்டுதான் ஊதுனேன்."

"தெரியும்" என்றார் அண்ணன். "ஒரு மூச்சு முன்னப் பின்ன விழுந்திருந்தா நானே கை தவறிருச்சுன்னு நம்பியிருப்பேன். அவ்வளவு கரெக்டா விழுந்துச்சும்மா. அப்படி ஒரு எடத்துல, அப்படி ஒரு அளவா நீ பதினாறு வருசத்துல ஊதுனதே இல்ல. தல குனிஞ்சு நின்ன எனக்கே வந்திருச்சு."

"என்னண்ணே வந்துச்சு?"

"சிரிப்புதான். பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் நான் நிமுரல பாத்தியா, அவமானத்துல நிக்கிறாருன்னு எல்லாம் நெனச்சாங்க." விளம்பரத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஆனா வாக்குக் குடுத்துட்டேன் எமல்டா. முந்நூறு பேரு முன்னாடி."

"குடுத்தது குடுத்ததுதாண்ணே. சனிக்கெழம நான் வரல." சொல்லும்போது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன், மார்பில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி வலித்தது. அவர் ஹெல்மெட்டின் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தார், க்ளிக், க்ளிக். நான்தான் முதலில் எழுந்தேன். "சௌந்தரம் அம்மா வீடு ஒங்களுக்குத் தெரியும்ல? அங்க கொண்டுபோயி விடுங்க."

"அங்க போயி என்ன சொல்லப் போற? மன்னிப்புக் கேட்டாச்சே."

"அது காது கேக்காதவ கேட்ட மன்னிப்புண்ணே. வேணும்னுதான் ஊதுனேன், அவருக்காகத்தான் ஊதுனேன்னு சொல்லணும். யாரோ ஒரு செவிடு தெரியாம ஊதுனதுக்கா நாம சிரிச்சோம்னு அந்தம்மா நெனச்சுக்கிட்டிருக்கக் கூடாதுல்ல."